பீலித் தண்ணீரும் ஒன்பது பக்கப் பிரசங்கமும்

2002 ஒக்டோபர், சனிக்கிழமை. காலை 6.50, கொழும்பு கோட்டை நிலையம்.

"அவிசாவளை பஸ்ஸில ஏறினா மூணு மணித்தியாலத்தில போயிறலாம்" என்று என் கணவர் மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் மலைப்பாதை பஸ்ஸில் ஏறி அரைமணி நேரத்தில் எனக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் றம்புக்கனை வரை ரயில், அங்கிருந்து கேகாலைக்கு ஒரு பஸ், கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டியவுக்கு இன்னொரு பஸ் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகத் திட்டம் போட்டேன். கடைசி பஸ்ஸில் எப்படியும் வாந்திதான். என்றாலும் ஒரு மணி நேர வாந்தி, மூன்று மணி நேர வாந்தியைவிட மேல் அல்லவா?

மூன்றாம் வகுப்புச் சீட்டு 28 ரூபா. ஜன்னலோர இடம் கிடைத்தது. கைப்பையில் இரண்டு பாண் துண்டு, இஞ்சி மிட்டாய், ஒரு துவாய், தட்டச்சுச் செய்த ஒன்பது பக்கப் பிரசங்கம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். வத்தளையில் இருக்கிறேன், வயது ஐம்பத்தாறு. ஒரு கப்பல் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தட்டச்சுச் செய்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். அங்கே இங்கே பேசக் கூப்பிடுவார்கள், போவேன். பேச்சில் சிங்கம். மற்றபடி, பல்லி விழுந்தால் கட்டிலின் மேல் ஏறி நிற்பவள். எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கெதிரான கலவரத்தில், எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்கள் நான்கு பேரையும் தங்கள் அறையில் ஒரு பெரிய அலமாரிக்குப் பின்னால் நிற்கவைத்துக் காப்பாற்றியது. அன்று என் உடம்பில் புகுந்த நடுக்கம் முழுதாக இறங்கவேயில்லை. அந்த வீட்டு வாசற்படியை அதன்பின் நான் மிதித்ததுமில்லை. நன்றி கெட்டவள் என்று நினைப்பார்கள். அந்த அலமாரியைத் திரும்பப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட என்னைத் தைரியத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களுடைய சிறிய சபையில் பெண்கள் ஞாயிறு. கொப்பித் தாளில் கடிதம் வந்திருந்தது: "வேதத்தில உள்ள தைரியமான ஒரு பொம்பளயப் பத்தி வந்து பேசுங்க அக்கா. சாப்பாடு, படுக்கை எல்லாம் நாங்க பாத்துக்கிறோம். இப்படிக்கு செல்வமணி, பால் வெட்டுற தொழிலாளி."

நான் தேர்ந்தெடுத்தது அபிகாயில். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாபால் என்று ஒரு பணக்காரன், முரடன். அவனுடைய மேய்ப்பர்களுக்கும் ஆடுகளுக்கும் வனாந்தரத்தில் காவலாக இருந்தவர்கள் தாவீதும் அவனுடைய ஆட்களும். மயிர் கத்தரிக்கும் விருந்து நாளில் தாவீது ஆள் அனுப்பிக் கொஞ்சம் சாப்பாடு கேட்கிறான். நாபால் அவமானப்படுத்தித் துரத்துகிறான். தாவீது நானூறு பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். நாபாலின் மனைவி அபிகாயில், புருஷனுக்குச் சொல்லாமல், கழுதைகளில் உணவை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி எதிரே போய், காலில் விழுந்து, இரத்தம் சிந்தாமல் எல்லோரையும் காப்பாற்றுகிறாள். இதை நான் துணிவு, பணிவு, கனிவு என்று மூன்று தலைப்பாகப் பிரித்திருந்தேன். எதுகை அமைந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

காலை 9.25, றம்புக்கனை. மலையேறும் ரயிலுக்கு இங்கேதான் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டுவார்கள். நான் மலையேறவில்லை, இறங்கிவிட்டேன். கேகாலைக்கு பஸ் 9 ரூபா. அங்கே கடையொன்றில் வெறும் தேத்தண்ணீர் குடித்து, இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, 17 ரூபா கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மழை தூறியது. வளைவுகளைப் பற்றி எழுதப் போவதில்லை. துவாய் பயன்பட்டது.

பகல் 12.40, புளத்கொகுபிட்டிய. சின்னச் சந்தி, நான்கைந்து கடைகள், சுற்றிலும் பச்சை மலை. தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர். த்ரீவீல்காரர் ஜவ்பர் நானா, மாவனல்லையில் பிறந்து இங்கே பெண் எடுத்தவர், 250 ரூபா கேட்டார். என்னைப் பார்த்ததுமே டீச்சர் என்று முடிவு செய்துவிட்டார், கேட்ட காசுக்கு மேல் கதையும் தந்தார். இரண்டு கிழமையாக விடாத மழை, அங்கங்கே மண் சரிவு. வண்டி றப்பர் மரங்களுக்கிடையே ஏறத் தொடங்கியதும் அவர் முகம் சற்று மாறியது.

"டீச்சர், ஒரு விஷயம் செல்றன், பயப்படப் படாது" என்றார். இப்படித் தொடங்கினால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? "நேத்து அந்தியில தோட்டத்து ஆளுகளுக்கும் கீழ்க் கிராமத்து ஆளுகளுக்கும் சண்ட ஈக்கிது. தண்ணிப் பிரச்சின. இண்டக்கி வாறோம் எண்டு செல்லிட்டுப் பெய்த்தாங்களாம்."

"யாரு வாறாங்க?"

"கிராமத்துப் பொடியனுகள். எதுக்கு வருவாங்க, பூசைக்கா வருவாங்க?"

ஐந்தாவது கிலோமீற்றரில் வண்டி நின்றது. பாதையின் குறுக்கே சிவந்த மண் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதற்குள் ஒரு பலாமரம் வேரோடு கிடந்தது. "பாத்தீங்களா? பொலிஸ் ஜீப்பும் இனி ஏறாது. திரும்பிப் போவமா டீச்சர்?"

வாசகர்களிடம் பொய் சொல்ல மாட்டேன். "போவோம்" என்றுதான் சொன்னேன். வாய் திறந்து, சத்தமாக. ஜவ்பர் நானா வண்டியைத் திருப்பத் தொடங்கியபோது மண்மேட்டின் உச்சியில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, முழங்கால் வரை சேறு, கையில் இன்னொரு குடை.

"அக்கா! வந்துட்டீங்களா! நா செல்வமணிங்க. ஒங்களுக்குன்னு கொடை கொண்டாந்தேன்" என்று கூப்பிட்டாள். காலையிலிருந்து அந்த மண்மேட்டில் நின்றிருக்கிறாள். எனக்காகவே ஒரு குடையும் கொண்டுவந்தவளிடம், நான் திரும்பிப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஜவ்பர் நானா ஐந்து கிலோமீற்றர்தானே ஓடினேன் என்று 50 ரூபாவைத் திருப்பித் தந்தார். நாளை இரண்டு மணிக்கு இதே இடத்தில் நிற்பதாகவும் சொன்னார். "இன்ஷா அல்லாஹ்" என்று அவர் சேர்த்துக்கொண்டது அன்று எனக்குக் கொஞ்சமும் ஆறுதல் தரவில்லை.

பிற்பகல் 2.15. சேற்றில் இரண்டு கிலோமீற்றர் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பராக்கள் கொண்ட லயம், அப்படி இரண்டு. வாசல்களில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் நின்றார்கள். அடுப்பு புகைந்தது, பணியாரம் சுடும் வாசனை மழைக்குள் நன்றாகவே வந்தது. ஆனால் ஒரு ஆண்பிள்ளையைக் காணவில்லை.

"ஆம்பளைங்க எல்லாம் மேமலைக்கு ஏறிட்டாங்க" என்றாள் பக்கத்துக் காம்பரா ராமாயி. மூக்குத்தி போட்ட, நாக்கில் மிளகாய் வைத்த பெண். இந்துக் குடும்பம், ஆனால் பணியாரச் சட்டி அவளுடையது, சுடுவதும் அவளே. "வந்தா அடிக்கிறது ஆம்பளைங்களத்தானாம், பொம்பளைங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்களாம். அப்பிடிச் சொல்லிட்டு ஓடிருச்சுக, வீரனுங்க."

நடந்ததைச் செல்வமணி சொன்னாள். லயத்தின் கீழே, மலையூற்றிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் விழும் இடம்தான் பீலி. எந்த மழைக்கும் கலங்காத தண்ணீர். கிராமத்தின் கிணறுகளில் மண் இறங்கிவிட்டதால், வெள்ளி பின்னேரம் சோமதாச என்பவரும் மூன்று பெண்களும் கேன்களோடு பீலிக்கு வந்திருக்கிறார்கள். செல்வமணியின் புருஷன் அருளப்பன் தோட்டத்து வாச்சர், காவல் வேலை. அன்று குடித்து நல்ல வெறியில் இருந்திருக்கிறார். இது கம்பெனித் தண்ணீர் என்று கத்தி, நிரப்பி வைத்த கேன்களை ஒவ்வொன்றாக உதைத்துக் கொட்டிவிட்டார். தடுக்க வந்த சோமதாசவைத் தள்ளியும் விட்டார்.

"நா வீட்டுல இல்லீங்க. பணியாரத்துக்கு மாவு அரைக்க டவுனுக்குப் போயிருந்தேன்" என்றாள். பிறகு மெதுவாக, "போன வருசம் இந்த லயத்துப் பின்னாடி மண்ணு சரிஞ்சுச்சு. தோட்டத்து ட்ரக்டர் வர முன்ன கிராமத்து ஆளுங்க மம்பட்டியோட வந்துட்டாங்க. எம் மூத்த மகள மண்ணுக்குள்ள இருந்து தூக்குனது யாருன்னு நெனைக்கிறீங்க? அந்தச் சோமதாச அய்யாதான்."

அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள். காம்பராவுக்குள் அருளப்பன் மறுபடியும் குடித்துவிட்டுக் கவிழ்ந்து படுத்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஓட வேண்டிய ஒரே ஆள் ஓடாமல் கிடந்தார். வருகிறவர்கள் நேராகத் தேடப்போவது அவரை. தோட்ட மனேஜரான பெரிய தொரை கொழும்பில், பொலிஸ் ஏழு கிலோமீற்றருக்கு அப்பால், நடுவில் மண்மேடு. அலமாரி ஏதாவது இருக்கிறதா என்று கண் தன்னாலே தேடியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். லயக் காம்பராவில் ஏது அலமாரி? ஒரு கொடியும் இரண்டு றங்குப் பெட்டியும்தான்.

பிற்பகல் 3.30. பழைய றப்பர் ஸ்டோர்தான் சபை. தகரக் கூரை, உட்கார ஆறு வாங்கு, ஒரு சிலுவை. பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள், பன்னிரண்டு குடும்பத்துக்கு மேலேயே. பயத்துக்கு மதம் ஏது?

"அக்கா, நாளைக்கிப் பேச வேண்டியத இன்னைக்கே பேசிருங்க. நாளைக்கி எப்பிடியோ" என்றாள் செல்வமணி.

ஒன்பது பக்கத்தையும் எடுத்தேன். முதல் தலைப்பு முடிந்தது. இரண்டாவதில், அபிகாயில் கொண்டுபோன பொருட்களை வாசித்தேன். இருநூறு அப்பம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த தானியம், திராட்சை வற்றல், அத்திப்பழ அடை.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் ராமாயி. "அஞ்சு ஆட்ட உரிச்சுச் சமைச்சு, எரநூறு ரொட்டியும் சுட எம்புட்டு நேரம் புடிக்கும்? அதுக்குள்ள வெட்ட வந்தவன் வெட்டிட்டுப் போயிருப்பானே?"

முப்பது வருடமாக அந்த அதிகாரத்தை வாசிக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அடுப்பில் நின்றவளுக்குத்தான் வரும்.

"வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்ததே" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "விருந்துக்குச் செய்து வைத்ததை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்."

"அப்ப வீட்டுல இருந்ததத்தான் கொண்டு போயிருக்கா" என்றாள் செல்வமணி. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. "நம்மகிட்ட என்ன இருக்கு? நாளைக்கின்னு சுட்ட பணியாரம் இருக்கு. ஆனா அவுங்க நம்மகிட்ட வந்து கேட்டது பணியாரம் இல்லையே. தண்ணி."

அவள் எழுந்து நின்றாள்.

"தாவீது சோறு கேட்டான், சோத்தத் தூக்கிக்கிட்டுப் போனா. நம்மகிட்ட தண்ணி கேட்டாங்க. தண்ணியத் தூக்கிக்கிட்டுப் போவோம். அவுங்க வந்தப்புறம் கெஞ்சுறத விட, வர முன்ன நாம போறது நல்லது. அந்தப் பொம்பளையும் அதத்தான செஞ்சா?"

"கழுதைக்கு எங்க போறது?" என்றது ஒரு குரல்.

"அதான் நாம இருக்கோமே" என்றாள் ராமாயி. அந்தப் பயத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபிறகுதான், நானும் போகவேண்டியிருக்கும் என்பது உறைத்தது. மூன்றாவது தலைப்பு அப்படியே நின்றது.

மாலை 4.20, பீலி. குடங்களும் கேன்களும் வரிசையில் நிரம்பின. சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால், லயத்து வாசலில் கவிழ்த்து வைத்திருந்த வாளியொன்றை எடுத்துவந்து குழாயின் கீழ் வைத்தேன். நல்ல பெரிய வாளி. பெண்கள் "ஐயோ!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"அது பால் வாளிங்க அக்கா!" செல்வமணி ஓடிவந்து பிடுங்கினாள். றப்பர்ப் பால் சேர்க்கும் வாளி. எத்தனை தரம் கழுவினாலும் புளித்த பால் நாற்றமும் மருந்து நாற்றமும் போகாதாம், அதில் குடிதண்ணீர் பிடிக்க மாட்டார்களாம். "இதுல தண்ணி கொண்டு போனோம்னா இன்னொரு சண்டை வந்துரும்" என்று ராமாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தட்டச்சுக்காரி கைக்கு ஏற்றதாக எனக்கு ஒரு கேத்தலைக் கொடுத்தார்கள்.

பதினொரு பெண்கள். ஏழு குடம், மூன்று கேன், பெரிய சட்டியில் நூற்றெண்பது பணியாரம், வெற்றிலை நாற்பது, என் கேத்தல். கிராமம் ஒன்றரைக் கிலோமீற்றர் கீழே. குறுக்குப் பாதை, வழுக்கும் படிகள். செல்வமணி முன்னால் போனாள். தலையில் குடம், கையால் பிடிக்கவில்லை. என் கேத்தலிலிருந்து பாதித் தண்ணீர் சேலையில் ஊற்றியது. பாதி வழியில் என் கால்கள் நின்றுவிட்டன. "செல்வமணி, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

"எனக்கும்தாங்க அக்கா" என்றாள், திரும்பாமல். "கொடத்தோட நிக்கத்தான் கஷ்டம். நடந்தா தெரியாது. வாங்க."

மாலை 5.10. சந்தியில் ஒரு கடை. கடைக்கு முன்னால் இருபது ஆண்கள் இருந்திருப்பார்கள். இரண்டு மூன்று பேர் கையில் பொல்லுத் தடி. எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவன் எழுந்தான். என் காதுக்குள் என் இதயமே இடித்தது. எண்பத்து மூன்றில் அலமாரிக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம்.

செல்வமணி குடத்தை இறக்கி, நடுவில் இருந்த வெள்ளைத் தலைக்காரரின் காலடியில் வைத்தாள். வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் நல்ல சிங்களத்தில் பேசினாள், நான் தமிழில் தருகிறேன்.

"சோமதாச ஐயா, நேற்று உங்கள் தண்ணீரைக் கொட்டியது என் வீட்டு ஆள். நீங்கள் வந்தபோது நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நடந்திருக்காது. ஆகவே குற்றம் என் மேல் இருக்கட்டும். என் பிள்ளையை மண்ணுக்குள் இருந்து தூக்கிய கைக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டோம். அடிப்பதென்றால் என்னை அடியுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அபிகாயிலும் இதைத்தான் சொன்னாள். நீர் அனுப்பிய ஆட்களை நான் காணவில்லை, பழி என் மேல் இருக்கட்டும் என்றுதான் தொடங்கினாள். என் ஒன்பது பக்கத்தில் இந்த இடம் இல்லவே இல்லை. துணிவு, பணிவு, கனிவு என்று எதுகை தேடியதில் விட்டுவிட்டேன்.

"அவன் எங்கே? ஏன் வரவில்லை?" என்று பொல்லு வைத்திருந்தவன் கத்தினான்.

"வெறியில் கிடக்கிறார். தெளிந்ததும் நானே அனுப்புகிறேன். வெறிகாரனை அடித்தால் அவனுக்கு வலிக்கப் போகிறதா?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. அந்த நேரத்தில் கடைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு இளம்பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். ஆண்கள் ஒருவரையும் ஒரு பேச்சுக் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து, என் கையிலிருந்த கேத்தலை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தாள். "பிள்ளைக்குப் பால் மா கரைக்கக் காலையிலிருந்து நல்ல தண்ணீர் இல்லை" என்றாள். கேத்தலோடு உள்ளே போய்விட்டாள்.

அதோடு முடிந்தது. அடுத்த வீட்டுப் பெண் வந்து ஒரு கேனை எடுத்தாள். பிறகு இன்னொருத்தி. சோமதாச வெற்றிலையை வாங்கிக்கொண்டார். "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று செல்வமணியைக் கேட்டார். பொல்லுக்காரன் பொல்லைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான்கு பணியாரம் சாப்பிட்டான். நான் எண்ணினேன். கடை வாங்கிலே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் ஒரு பாட்டம் அழுதேன். ஆண்டவரே, தப்பினோம் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த இளம்பெண் என் கேத்தலைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தாள். கூடவே போத்தல் நிறையக் கித்துள் பாணி, காட்டுப்பனையின் இனிப்புப் பாகு.

இருட்ட முன்பு லயத்துக்கு ஏறிவிட்டோம். ஏறும்போது யாருக்கும் மூச்சு வாங்கவில்லை, எல்லோரும் ஒரேயடியாகப் பேசினோம்.

"அக்கா, அந்த நாபாலுக்கு அப்புறம் என்னதான் ஆச்சு?" என்று ராமாயி கேட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். வெறி தெளிந்தபின் மனைவி நடந்ததைச் சொன்னாள், அவன் இருதயம் கல்லைப்போல் ஆனது, பத்து நாளில் இறந்துபோனான், தாவீது அபிகாயிலைக் கலியாணம் செய்துகொண்டான்.

"கேட்டியா செல்வமணி! ஒனக்கு ராசா வரப் போறான்!"

"ஐயையோ, எனக்கு ராசா எல்லாம் வேணாம்" என்றாள் அவள். "இருக்கிற ஆளு ரெண்டு கேன் தண்ணி தூக்குனாப் போதும்."

ஞாயிறு, காலை 6.10. இரவு அவள் புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அபிகாயிலைப் போலவே விடியும்வரை பொறுத்திருந்தாள். கருப்பட்டித் துண்டோடு வெறும் தேத்தண்ணீர் கொடுத்து, அது பாதி குடித்தபின், நடந்ததை முழுதாகச் சொன்னாள். நான் வாசலில் இருந்தேன். அருளப்பன் மெலிந்த, அமைதியான மனிதர். வெறி இல்லாதபோது அடையாளமே தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தார். தேத்தண்ணீர் ஆறியது. முகம் சாம்பல் பூத்தது. எனக்கு நாபால் ஞாபகம் வந்து, நிஜமாகவே பயந்துபோனேன்.

"எத்தன கேன் இருக்கு?" என்று கடைசியில் கேட்டார்.

இரண்டு கேன்களை மூங்கில் தடியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தனியே படியிறங்கினார். யாரும் கூடப் போகக்கூடாது என்றாள் செல்வமணி. நாற்பது நிமிடம் அவள் பீலிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

வந்தார். கூடவே சோமதாசவும் ஏழெட்டு இளைஞர்களும், தோளில் மம்பட்டியோடு. பாதையில் கிடக்கும் மண்ணை வெட்டப் போகிறார்களாம். மேல்மலைக்கு ஓடிய நம் வீரர்களும் ஒவ்வொருவராக, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். ராமாயி அவர்களை என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

அருளப்பன் என்னிடம் வந்தார். "நா கொண்டு போன தண்ணியிலயே தேத்தண்ணி ஊத்தி எனக்கே குடுத்தாங்க டீச்சரம்மா" என்றார். "தொண்டையில எறங்கல." சொல்லிவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆராதனை பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. என்னைப் பேசச் சொன்னார்கள். ஒன்பது பக்கத்தையும் வெளியே எடுக்கவில்லை. அபிகாயிலின் கதையை முதலிலிருந்து வாசித்தேன், வேறொன்றும் சேர்க்கவில்லை. எல்லோருக்கும் அதன் விளக்கம் தெரிந்திருந்தது. பணியாரம் தீர்ந்துவிட்டதால் பாணியும் ரொட்டியும் சாப்பிட்டோம். திறந்த கதவு வழியாகப் பீலியில் கிராமத்துப் பெண்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது.

பிற்பகல் 2.00. மண்மேட்டில் ஒரு வண்டி போகுமளவுக்கு வழி வெட்டியிருந்தார்கள். ஜவ்பர் நானா லயத்து வாசலுக்கே வந்துவிட்டார். "உசிரோட ஈக்கிறீங்களா டீச்சர்!" என்றார், நிஜமாகவே சந்தோஷப்பட்டு. செல்வமணி பாணியில் பாதியைப் போத்தலில் ஊற்றி, வாழைநாரால் மூடியை இறுக்கிக் கட்டித் தந்தாள். புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த தடவ பால் வாளியத் தொடாதீங்க" என்றாள் கடைசியில்.

கேகாலை பஸ்ஸில் வாந்தி வரவில்லை. அதற்கு என்ன விளக்கம் என்று எனக்குத் தெரியாது. றம்புக்கனையில் மாலை ரயில். பிரசங்கத் தாள்களின் வெற்றுப் பக்கத்தில் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். இருபது வருடமாக நான் தைரியத்தைப் பயமில்லாத ஒன்று என்று நினைத்து, அது என்னிடம் இல்லையே என்று விட்டுவிட்டேன். செல்வமணிக்கும் பயம் இருந்தது. தூக்க ஒரு குடமும் இருந்தது. விசுவாசம் என்று நாம் சொல்வது, அந்தக் குடத்தோடு முன்னால் நடப்பதாகத்தான் இருக்கவேண்டும்.

திங்கட்கிழமை, காலை 10.00, வத்தளை. பாணியைச் சிறிய போத்தலொன்றில் பிரித்து ஊற்றினேன். என் கணவர் "யாருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் தெருவைக் கடந்தேன். எங்கள் வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசலுக்குப் பதினாறு அடி. பத்தொன்பது வருடம் போகாத தூரம். எதிர்வீட்டு அம்மாவுக்கு இப்போது எழுபது இருக்கும். போத்தலை வாங்கி, கித்துளா என்று முகர்ந்து பார்த்து, "உள்ளே வா, தேத்தண்ணீர் ஊற்றுகிறேன்" என்றார், நேற்றும் வந்து போனவளிடம் சொல்வதுபோல.

அலமாரி அதே அறையில், அதே இடத்தில் இருந்தது. நான் நினைத்து வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. அவ்வளவு சின்ன அலமாரி. அன்று நாங்கள் நான்கு பேரும் அதற்குப் பின்னால் எப்படித்தான் நின்றோம் என்று அவரும் நானும் வெகுநேரம் அதிசயப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.